மாற்றுப் பாதை இல்லாத பறவைகள்
(அந்தமான் – நிக்கோபார் தீவுகளின் பறவையினங்கள் பற்றி ஒரு பாடம்)



நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில், மாதம் ஒரு முறை பொது அறிவுப் பாடம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் பறவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தமான், நிக்கோபார் தீவுகளில் மட்டுமே வாழும் பறவைகள் சில உண்டு, உலகில் வேறெங்கும் அவை கிடையா என்று சொன்னேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே கையைத் தூக்கினாள்.

“தாத்தா, அதுங்களுக்குத்தான் றெக்கை இருக்கே! பறந்து மெட்ராஸுக்கு வந்துடலாமே, ஏன் வரல?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது, பதில்தான் என்னிடம் இல்லை. “அடுத்த வகுப்பில் சொல்கிறேன் அம்மா” என்று தப்பித்துக்கொண்டேன். அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும், 2023 ஜனவரியில் அந்தமான் சென்றபோது கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் பறவை ஆராய்ச்சியாளன் அல்லன். டிப்ளமோ முடித்து இரயில்வேயில் சேர்ந்து, பாதை, பாலம் என்று வாழ்நாளைக் கழித்தவன். ஆகவே என் உதாரணங்களில் இரயில் வாடை அடித்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் வரைபடம்

வீட்டில் இந்திய வரைபடம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவின் கிழக்கோரத்தில், வடக்கு தெற்காகச் சிதறிய மணிகள் போல் தீவுகள் தெரியும். சிறு பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் எண்ணூறுக்கு மேல். மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. வடக்கே இருப்பது அந்தமான் கூட்டம், தெற்கே நிக்கோபார் கூட்டம். இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பகுதி உண்டு. பத்தாவது அட்சரேகை அதன் வழியே செல்வதால் அதைப் ‘பத்து டிகிரிக் கால்வாய்’ என்பார்கள்.

தலைநகர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து கடல் வழியாக ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். ஆனால் வடக்கு முனையிலிருந்து மியான்மர் கரை அவ்வளவு தூரமில்லை. தெற்கே கிரேட் நிக்கோபாரின் கடைசி முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர்தான். அதாவது, ஆட்சியில் இந்தியா. அமைப்பிலோ தென்கிழக்காசியாவின் பக்கத்து வீடு. அந்தமான் பறவைகளுக்கு மியான்மர்ப் பக்கத்துச் சாயலும், நிக்கோபார்ப் பறவைகளுக்கு மலேசிய, சுமத்ராச் சாயலும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பறக்கத் தெரிந்தும் ஏன் வரவில்லை?

இப்போது சிறுமியின் கேள்விக்கு வருவோம். பறவைகளில் இரண்டு விதம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் ஆண்டுதோறும் கடல் கடந்து போய் வருபவை. உடம்பில் கொழுப்பைச் சேமித்து, காற்றின் போக்கறிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். அவற்றை மெயில் வண்டி எனலாம். காட்டுப் பறவைகள் வேறு. மரங்கொத்தியும் இருவாச்சியும் மரத்துக்கு மரம் போகிறவை. பாசஞ்சர் வண்டிபோல் அடிக்கடி நின்று, பழமோ புழுவோ தின்று, களைப்பாறிப் போவதே அவற்றின் வழக்கம். நடுக்கடலில் நின்று இளைப்பாற ஸ்டேஷன் ஏது?

அப்படியானால் முதலில் எப்படி வந்தன? பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. தீவுகள் அளவில் பெரியனவாகவும், இடையே உள்ள நீர்ப்பரப்பு குறுகியதாகவும் இருந்தன. அப்போது சில கடந்திருக்கலாம். சில புயலில் அடித்து வரப்பட்டிருக்கலாம். பிறகு கடல் உயர்ந்தது, வழி அடைபட்டது. துணிந்து கடலின்மேல் புறப்பட்ட பறவை திரும்பவில்லை. கரையிலேயே தங்கிய பறவை குஞ்சு பொரித்தது. பல்லாயிரம் தலைமுறைகள் இவ்வாறு கழிந்தால் மிஞ்சுவது எது? கடலைத் தாண்ட நினைக்காத பறவைதான். சிறகு இருக்கிறது, சிறகின் உள்ளே அந்தப் பயணம் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. வெளியிலிருந்து புதிய இரத்தக் கலப்பு இல்லாததால், நாளாவட்டத்தில் உருவமும் நிறமும் குரலும் மாறின. நாம் வெளிமாநிலத்தில் குடியேறி மூன்று தலைமுறை ஆனால், வீட்டில் பேசும் தமிழே சற்று வேறாகிவிடுவதில்லையா? ஊரோடு போக்குவரத்து இருக்கும்வரை அது தமிழாகவே நிற்கும். போக்குவரத்து அடியோடு நின்றால் பல நூற்றாண்டில் வேறு மொழியாகிவிடும். தீவில் பறவைக்கு நேர்ந்ததும் அதுவே.

பழகிய முகம், புதிய சாயல்

போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய உண்டு. கடைத்தெருவில் தமிழ் பேசியே காரியம் முடித்துக்கொள்ளலாம். அங்கே குடியேறிவிட்ட என் தங்கை மகன் வீட்டில்தான் தங்கினோம். முதல் நாள் படகில் ராஸ் தீவுக்குக் கூட்டிப்போனான். 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். அங்கே மயில் ஆடியது. புள்ளிமான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆசை ஆசையாய்ப் படம் எடுத்துக்கொண்டேன்.

“மாமா, நீங்க எடுத்த மயிலும் இந்த ஊர் இல்ல, மானும் இந்த ஊர் இல்ல. வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டது. நாளைக்குக் காலைல நாலு மணிக்கு எழுந்தா அசலைக் காட்டுறேன்” என்றான்.

எழுந்தேன். ஊருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் சிடியா டாப்பு என்று ஓரிடம். நெடிதுயர்ந்த மரங்கள், கீழே சதுப்பு, அப்பால் கடல். அங்கே கண்டவற்றையும், பிறகு படித்துச் சேர்த்துக்கொண்டவற்றையும் நம் ஊர்ப் பறவைகளோடு ஒப்பிட்டுத் தருகிறேன். இந்த ஒப்பீடுதான் பாடத்தின் நடுப்பகுதி.

மரங்கொத்தி: நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வயிறு வெளுத்த பெரிய கரு மரங்கொத்தி ஒன்று உண்டு. அந்தமானில் அதன் உறவினன் உடல் முழுதும் கறுப்பு. தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை. பட்ட மரத்தில் அது தட்டிய ஓசை, பாதையில் சாவிக்காரர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுபோல் எனக்குக் கேட்டது.

செம்போத்து: நம் வேலியோரச் செம்போத்துக்குக் கருத்த உடல், செந்நிறச் சிறகு. அந்தமான் செம்போத்துக்கு உடலும் மங்கிய பழுப்பு. நடையும் பதுங்கலும் அதே.

கரிச்சான், வால்காக்கை: இரண்டிலும் அந்தமானுக்கென்றே தனியினம் உண்டு. வால்காக்கை அடர்ந்த காட்டை விட்டு அதிகம் வெளிவருவதில்லை.

பாம்புக் கழுகு: அந்தமான் காட்டின் உட்பகுதியில் கரும்பழுப்பான பாம்புக் கழுகு வாழ்கிறது. கிரேட் நிக்கோபாரிலோ சுமார் ஒன்றரை அடி நீளமே உள்ள ஒரு பாம்புக் கழுகு உண்டு. உலகின் மிகச் சிறிய கழுகுகளுள் அது ஒன்று.

கிளுவை: அந்தமான் கிளுவை என்னும் வாத்துக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி தாழ்ந்தது. அருகே சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கிவிட்டது. விவசாயிகளுக்கு அது பெரும் இழப்பு. அந்த நீர்நிலையே பின்னர் நீர்ப்பறவைகளின் கூடுமிடமாயிற்று.

காட்டுப்புறா: வெளிர் தலையும் கருநீல உடலும் கொண்ட பெரிய புறா. இதுவே அந்த ஒன்றியப் பிரதேசத்தின் பறவைச் சின்னம்.

இவற்றில் சில பக்கத்திலுள்ள மியான்மரின் கோகோ தீவுகளிலும் உண்டு. மற்றபடி உலகப் படத்தில் இவற்றின் முகவரி இந்த ஒரு தீவுக்கூட்டம்தான்.

நார்கொண்டம்: ஒரு தீவு, ஒரு பறவை

வட அந்தமானுக்குக் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலிலிருந்து எழுந்த ஓர் எரிமலை நார்கொண்டம். எரிமலை இப்போது உறக்கத்தில். உயரம் சுமார் 710 மீட்டர். பரப்பளவோ சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். பொதுமக்கள் போக அனுமதி இல்லை. நானும் போனதில்லை, படித்ததையே சொல்கிறேன்.

இந்தச் சிறு மலையில் ஓர் இருவாச்சி இனம் வாழ்கிறது. அந்தமானின் மற்ற எந்தத் தீவிலும் இருவாச்சியே கிடையாது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. 1873ஆம் ஆண்டு இத்தீவுகளுக்குக் கடற்பயணம் வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இதை உலகுக்கு அறிவித்தார். 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் தோன்ற வழிசெய்த அதே ஹியூம்தான். அவர் பெரிய பறவை ஆராய்ச்சியாளர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இருவாச்சியின் இல்லறம் வியப்பானது. பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் இருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி. ஆகவே பழமரம் வேண்டும், பொந்துள்ள பெரிய மரமும் வேண்டும். பதிலுக்குப் பறவை விதைகளை மலையெங்கும் தூவுகிறது. காடு பறவையை வளர்க்கிறது. பறவை காட்டை வளர்க்கிறது.

1969இல் இத்தீவில் போலீஸ் சாவடி ஒன்று அமைக்கப்பட்டது. பிறகு இறைச்சிக்காகச் சில ஆடுகள் கொண்டுவரப்பட்டன. அவை பெருகி நூற்றுக்கு மேல் ஆயின. ஆடு பெரிய மரத்தை ஒன்றும் செய்யாது; முளைக்கும் கன்றைத்தான் தின்னும். இன்றைக்குப் பார்த்தால் காடு பசுமையாகவே இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்துப் பெரிய மரம் விழும்போது, அந்த இடத்துக்கு வர அடுத்த மரம் இருக்காது. பாலத்தில் துரு உள்ளே அரிப்பதுபோல்தான் இது. வெளிப்பூச்சு நன்றாகவே தெரியும். நல்லவேளையாக வனத்துறை ஆடுகளை அகற்றியது.

இங்கே கடலோரக் காவல் படைக்கு ஒரு ராடார் நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் மறுத்தது, 2014இல் அனுமதித்தது. 2020ஐ ஒட்டி நடந்த ஆய்வின்படி இருவாச்சிகளின் எண்ணிக்கை சுமார் ஆயிரம். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 என்றாகிறது. இருவாச்சி இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் உலகில் அரிது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த ஆயிரம், ஓரிடத்தின் கணக்கல்ல, உலகக் கணக்கு. நம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தின் அளவே ஒரு முழு இனம்.

எருக்குழியில் முட்டை வைக்கும் கோழி

நிக்கோபார் தீவுகளில் மெகபோட் என்றொரு பறவை உண்டு. கோழி அளவு, பழுப்பு நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். இது அடைகாப்பதே இல்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணல், பவளத் துணுக்கு, சருகு எல்லாவற்றையும் காலால் வாரி மேடு கட்டும். அதனுள் முட்டையிட்டு மூடிவிடும்.

எருக்குழியில் கையை விட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே எவ்வளவு சூடு என்று. சருகு மக்கும்போது வெப்பம் பிறக்கிறது. மணலின்மேல் வெயிலும் படுகிறது. அந்தச் சூட்டில் சுமார் 70, 80 நாட்களில் முட்டை பொரிகிறது. குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வரும். வரும்போதே சிறகு முளைத்திருக்கும். தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பிறந்த உடனே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இதற்கு ஏற்றாற்போல் முட்டையில் மஞ்சள் கரு மிகுதி. இயற்கை கட்டிய அடைகாப்புப் பெட்டி என்று இதைச் சொல்லலாம்.

இத்தகைய பறவைகளின் சொந்த பந்தமெல்லாம் ஆஸ்திரேலியா, நியூகினி, பிலிப்பைன்ஸ் பக்கம். நிக்கோபாரில் இருப்பது மட்டும் தனித்துப்போன குடும்பம். இடையே உள்ள சுமத்ராவில்கூட அது இல்லை.

மேடு கடற்கரை ஓரமாகவே இருப்பதில்தான் ஆபத்து. 2004 சுனாமி அந்த ஓரத்தையே வாரிக்கொண்டு போயிற்று. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியை நீர் சூழ்ந்தது. 1990களின் கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மெகபோட் இணைகள் இருந்தன. சுனாமிக்குப் பின் 2006இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 800 இணைகளே. சுமார் 70 விழுக்காடு போயிற்று. மனிதர்களுக்கு நேர்ந்த பெருந்துயரத்தின் நடுவே இதைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் மனம் வந்திருக்காது. அது இயல்பே. ஆனாலும் கணக்கில் எழுதிவைக்க வேண்டிய இழப்பு இது.

உமிழ்நீரால் கட்டிய கூடு

அந்தமானின் சுண்ணாம்புக்கல் குகைகளில் உழவாரன் குருவி ஒன்று தன் உமிழ்நீராலேயே வெள்ளைக் கூடு கட்டுகிறது. சிறு கிண்ணம்போல் பாறையில் ஒட்டியிருக்கும். சீனர்கள் இதைச் சூப்பில் இட்டு உண்பார்கள். விலை மிக அதிகம். அதனால் கூடு திருடுவோர் முட்டை இருந்தாலும் குஞ்சு இருந்தாலும் கீழே தள்ளிவிட்டுக் கூட்டை எடுத்துப் போனார்கள். பத்தாண்டுகளில் இப்பறவை எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 1990களின் ஆய்வு காட்டியது.

ஆய்வு செய்தவர் முனைவர் ரவி சங்கரன். நம் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்தவர். பின்னர் அதன் இயக்குநரானவர். முன்சொன்ன மெகபோட் கணக்கெடுப்பும் அவருடையதே. திருடரைப் பிடித்துச் சிறையில் அடைப்பதோடு நிற்காமல் வேறொரு வழியை அவர் கண்டார். எந்தக் குகையில் எத்தனை கூடு என்பது கூடு எடுத்தவர்களுக்குத்தானே தெரியும்? அவர்களையே காவலுக்கு அமர்த்த ஏற்பாடு செய்தார். வட அந்தமானில் ‘சாலிஸ் ஏக்’ என்னும் குன்றின் குகைகளில் வனத்துறையோடு சேர்ந்து இது நடைமுறைக்கு வந்தது. குஞ்சு பறந்தபின் காலியான கூட்டை எடுத்தால் பறவைக்கும் நட்டமில்லை, மனிதனுக்கும் வருமானம் என்பதே திட்டத்தின் அடிப்படை. காவல் இருந்த குகைகளில் பறவைகள் மெல்லப் பெருகின. 2009 ஜனவரியில், நாற்பத்தைந்து வயதளவில், ரவி சங்கரன் மாரடைப்பால் காலமானார். அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

டோடோவின் உறவினர்

நிக்கோபார்ப் புறாவைப் படத்தில் பார்த்தாலே கண் கூசும். பச்சையும் செம்பும் மின்னும் முதுகு, கழுத்தில் தொங்கும் நீண்ட இறகுகள், சின்னஞ்சிறு வெள்ளை வால். மற்றக் காட்டுப் பறவைகளைப் போலன்றி இது தீவுக்குத் தீவு கடல் தாண்டும். ஆகவே நிக்கோபாரில் மட்டுமன்றி, கிழக்கே பல தீவுகளிலும் உண்டு.

மொரிஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்த டோடோவுக்கு, இன்று உயிரோடு உள்ள பறவைகளில் மிக நெருங்கிய உறவு இதுதான் என்று 2002இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. டோடோவின் முன்னோரும் பறந்து வந்த புறாக்களே. எதிரி இல்லாத தீவில் பறக்கும் தேவை இல்லாமற்போக, சிறகு சுருங்கிற்று, உடல் பெருத்தது. 1598இல் டச்சுக்காரர்கள் அத்தீவில் இறங்கினார்கள். கப்பலோடு எலியும் பன்றியும் குரங்கும் இறங்கின. டோடோவைக் கடைசியாகக் கண்டதாக ஏற்கப்படும் ஆண்டு 1662. அறுபத்து நான்கே ஆண்டுகள்! கடல் தாண்டப் பழகிய புறா இன்னும் இருக்கிறது. ஒரே தீவை நம்பிய புறா போய்விட்டது.

ஒற்றைப் பாதை

இனி, இவ்வளவையும் ஒரே வரியில் சொல்ல முயல்கிறேன். வெள்ளத்தில் ஓரிடத்தில் பாதை அரித்துப்போனால், வண்டிகளை வேறு தடத்தில் திருப்பிவிடுவோம். பயணிகளுக்குத் தாமதம், அவ்வளவுதான். நிலப்பகுதிப் பறவைக்கு ஒரு காடு போனால் இன்னொரு காடு, ஒரு மாவட்டம் போனால் இன்னொரு மாவட்டம். தீவுப் பறவைக்கு மாற்றுப் பாதை இல்லை. எந்தக் கடல் அதைத் தனியினமாக ஆக்கிற்றோ, அதே கடல்தான் அது தப்பிச் செல்ல முடியாமலும் தடுக்கிறது.

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. கிரேட் நிக்கோபாரில் பெரிய துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டது. துறைமுகம் வரவிருக்கும் கலாத்தியா விரிகுடா முன்பு வனவிலங்குச் சரணாலயமாக இருந்தது. அந்தத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. மெகபோட் மேடு கட்டும் கரை அது. பெரிய தோணியாமை கரையேறி முட்டையிடும் கரையும் அதுவே. ஷொம்பென் மக்களுக்கும் நிக்கோபாரி மக்களுக்கும் அத்தீவு தாய்வீடு.

திட்டத்துக்கும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. மலாக்கா ஜலசந்திக் கப்பல் வழி அருகே செல்கிறது; நாட்டின் பாதுகாப்பும் இருக்கிறது. இவற்றைத் தள்ளிவிட முடியாது. வாழ்நாளெல்லாம் மண் வெட்டிப் பாதை போட்ட நான், கட்டுமானமே கூடாது என்று சொன்னால் அது வேஷமாகிவிடும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய பாதைக்குச் சர்வே எடுக்கும்போது, வழியில் உள்ள மரங்களுக்கு எண் போட்டு, சுற்றளவு அளந்து, எஸ்டிமேட்டில் ஒரே வரியில் எழுதுவோம். இத்தனை மரம், இத்தனை ரூபாய், ஈடாக வேறிடத்தில் இத்தனை கன்று. அந்த மரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாததை நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. கிரேட் நிக்கோபாரில் வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவதாக ஏற்பாடு என்று படித்தபோது, என் பழைய எஸ்டிமேட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. ஹரியானாவில் மரம் நடுவது நல்ல காரியம்தான். அந்த மரத்துக்கு நிக்கோபார்ப் பறவை எப்படிப் போகும்? வகுப்புச் சிறுமி கேட்ட கேள்வியேதான்!

நாம் செய்யக்கூடியவை

நம் சங்கக் குடும்பங்கள் பல விடுமுறைக்கு அந்தமான் செல்கின்றன. சில யோசனைகள்:

1. ஒரு நாள் காலையைப் பறவைகளுக்கென்று ஒதுக்குங்கள். விடிவதற்கு முன் சிடியா டாப்புவில் இருந்தால் போதும். கூட்டமும் கூச்சலும் வேண்டாம்.

2. சிப்பி, பவளம், பறவைக் கூடு எதையும் எடுத்து வராதீர்கள். கேட்டு வாங்கவும் செய்யாதீர்கள்.

3. செடி, விதை, வளர்ப்புப் பிராணி எதையும் தீவுக்குக் கொண்டுபோக வேண்டாம். நார்கொண்டத்து ஆட்டுக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. நிக்கோபாரின் பெரிய நீண்டவால் கிளியைப் பிடித்து விற்பது உண்டு. அதுவாகட்டும், நம் ஊர்ப் பச்சைக்கிளியாகட்டும், நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். இதைச் சொன்னால் சில வீடுகளில் என்மேல் வருத்தம் வரும் என்று தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

5. குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் நிறம், அலகு, வால், குரல் ஆகியவற்றை எழுதட்டும். பார்க்கப் பழகினால் பெயர் தானே வரும்.

மாணவர்களுக்குச் சில கேள்விகள்
(விடைகள் கட்டுரையிலேயே உள்ளன)

1. மரங்கொத்தி கடல் தாண்டாது, உள்ளான் தாண்டும், ஏன்?

2. மெகபோட் முட்டைக்கு வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது?

3. ஆடு பெரிய மரத்தைத் தின்னாது. பிறகு காடு எப்படி அழியும்?

4. கணக்கு: கிரேட் நிக்கோபார்த் திட்டத்துக்கு ஒதுக்கிய 130 சதுர கிலோமீட்டருக்குள் நார்கொண்டம் அளவுள்ள தீவுகள் எத்தனை அடங்கும்?

5. கூடு திருடியவர்களையே காவலராக்கியது சரியா? உன் கருத்தைப் பத்து வரிகளில் எழுது. (இதற்கு மட்டும் விடை கட்டுரையில் இல்லை.)

எழுதிய விடைகளை அடுத்த வகுப்பில் கொண்டு வாருங்கள். சென்ற ஞாயிறு அந்தச் சிறுமியைத் தனியே அழைத்து, என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அப்போ அதுங்களால வர முடியாது. நாமதான் போறோம். அப்ப நாமதானே பாத்து நடந்துக்கணும்?” என்றாள்.

இரண்டு வாரம் படித்து நான் கண்டதை அவள் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கட்டுரையில் பிழை இருப்பின் அன்பர்கள் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.